அலங்காரத்தின் கீழுள்ள உடல்: விலங்குகளின் இயல்புநிலை நிழற்படங்களும் அவற்றின் சமூகப் பொருளும்

மனிதன் விலங்கைச் சித்திரித்த வரலாறு குகைச் சுவர்களிலிருந்து தொடங்குகின்றது. ஆயின், விலங்கு தன்போக்கில் இருக்கும் ஒரு கணத்தில், அதன் அழகற்ற தோற்றத்தையும் எதிர்பாராத மெய்ந்நிலையையும் உள்ளவாறே பதிவுசெய்யும் வழக்கம் மிக அண்மைக் காலத்ததாகும். கொட்டாவி விடும் குரங்கு, சேற்றில் சறுக்கி விழும் யானைக்கன்று, இறக்கை விரித்தெழுந்து தடுமாறும் கொக்கு முதலியவற்றின் படங்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். இவற்றை 'இயல்புநிலைப் படங்கள்' என இக்கட்டுரையிற் குறிப்பிடுவோம். இவை பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியனவா, அன்றி விலங்கு பற்றிய நமது அறிவையும் விலங்கின் வாழ்வையும் பாதிக்கும் ஆற்றலுடையனவா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட வினாவாகும்.

இவ்வினாவைக் கண்டிப் பிரதேசத்தை, சிறப்பாகத் தெல்தெனியவைச் சார்ந்து எழுப்புவதற்குக் காரணமுண்டு. கண்டியிலிருந்து குண்டசாலை, திகன வழியாக மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில் தெல்தெனிய அமைந்துள்ளது. அதற்கு மேற்கே, பட்டும் மின்விளக்கும் போர்த்த யானைகள் ஊர்வலம் செல்லும் கண்டி நகரம். வடக்கே, உலகில் வேறெங்குமில்லாச் சிற்றுயிர்கள் மறைந்து வாழும் நக்கிள்ஸ் மலைத்தொடர். அருகே, பழைய தெல்தெனிய நகரையே தன்னுள் மூழ்கடித்த விக்டோரியா நீர்த்தேக்கம். அலங்கரிக்கப்பட்ட விலங்கு, மறைந்துறையும் விலங்கு, இடம்பெயர்ந்த விலங்கு என்னும் மூவகையும் ஒரே வீதியின் எல்லைக்குள் அடங்குகின்றன. மூவகையையும் இன்று கமரா பின்தொடர்கின்றது.

1. கம்பீரம் என்னும் மரபு

நிழற்படக்கலை தோன்றிய காலத்தில் அசையும் விலங்கைப் படமெடுத்தல் அரிதாக இருந்தது. படத்தகட்டில் ஒளி பதிய நெடுநேரம் தேவைப்பட்டமையே காரணம். 1872ஆம் ஆண்டு சார்ல்ஸ் டார்வின் மனிதரதும் விலங்குகளதும் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய தமது நூலை வெளியிட்டபோது, மனித முகங்களுக்கு நிழற்படங்களைப் பயன்படுத்தினார். விலங்குகளின் முகபாவங்களுக்கோ ஓவியரையே நாடவேண்டியிருந்தது. விலங்கின் 'கணம்' அன்று தொழில்நுட்பத்துக்கு எட்டாததாக இருந்தது.

1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக நிறுத்திய கமராக்களால் ஓடும் குதிரையைப் படமெடுத்து, ஓட்டத்தின் ஒரு கட்டத்தில் அதன் நான்கு கால்களும் நிலத்தைத் தொடுவதில்லை என்பதை நிறுவினார். அப்போது அக்கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கவில்லை, வயிற்றின்கீழ் மடங்கியிருந்தன. நூற்றாண்டுகளாக ஐரோப்பிய ஓவியர் தீட்டிவந்த பாயும் குதிரை பொய்யாயிற்று. ஆயின் மெய்யான குதிரை பலருக்கு அவலட்சணமாகத் தோன்றிற்று. ஓவியனே உண்மையுரைப்பவன், நிழற்படம் பொய்யுரைக்கிறது என்னும் கருத்தைச் சிற்பி ரொடான் பிற்காலத்தில் வெளியிட்டமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1894இல் எத்தியேன் மாரே, தலைகீழாக விடப்பட்ட பூனை நடுவானில் உடலை முறுக்கித் திருப்பிக் கால்களால் நிலந்தொடும் வகையைப் படத்தொடராக வெளியிட்டார். பூனைக்கு இப்படங்கள் பெருமை சேர்க்கவில்லை. இயற்பியலுக்குப் புதியதொரு வினாவைத் தந்தன. அழகற்ற தோற்றமே அறிவின் வாயிலாக அமைந்தமை இவ்விரு நிகழ்வுகளாலும் புலனாகும்.

குடியேற்ற நாடுகளில் விலங்குப் படம் வேறொரு வழியாலும் வந்தது. அது வேட்டையின் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் யானைகளைக் கொன்று குவித்த பிரித்தானிய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் தம் வீரத்துக்குச் சான்றாகத் தந்தங்களையும் தலைகளையும் காட்டினர். பின்னர் கமரா கைக்கெட்டியபோது, வீழ்ந்த விலங்கின்மீது காலூன்றி நிற்கும் படம் அவ்வரிசையிற் சேர்ந்தது. துப்பாக்கியின் இடத்தைக் கமரா பிடித்தமை ஒரு முன்னேற்றமே. அமெரிக்கரான ஜோர்ஜ் சைராஸ் இரவில் ஒளிப்பொறியைக் கொண்டு எடுத்த காட்டுவிலங்குப் படங்கள் 1906இல் வெளிவந்தன. இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எப். டபிள்யூ. சம்பியன், விலங்கே தன் காலால் தட்டி இயக்கும் பொறிக்கமராவால் புலிகளைப் பதிவுசெய்து 1927இல் நூலாக்கினார். எனினும் அழகுப் படத்துக்கான சந்தையிலே வேட்டைப் பரிசின் மனப்பான்மை முற்றாக மறையவில்லை. கம்பீரமான தலை, நிமிர்ந்த தந்தம், நேர்நோக்கும் கண் ஆகியனவே நல்ல படத்தின் இலக்கணமாக நீண்டகாலம் நிலைத்தன.

2. தமிழ் மரபில் இயல்புநிலை

இந்நோக்கு நமது இலக்கியத்துக்கு அந்நியமானதன்று. பாறையில் மயில் ஈன்ற முட்டையை வெயிலில் விளையாடும் முசுவின் குட்டி உருட்டுவதைக் கபிலர் குறுந்தொகையின் 38ஆம் பாட்டிற் காட்டுகின்றார். அங்கு மயில் ஆடவில்லை, முசு வீரங்காட்டவில்லை. தான் உருட்டுவது இன்னோர் உயிரின் கரு என்பதை அறியாத குட்டியின் விளையாட்டே காட்சியாகின்றது. கபிலர் அதனை நகைக்குரியதாக்கவுமில்லை, குட்டியைப் பழிக்கவுமில்லை. கூர்ந்த அவதானிப்பே அதனைக் கவிதையாக்கிற்று.

நிழற்படத் துறையில் இதற்கு நெருங்கிய நோக்குடையவராக மா. கிருஷ்ணனைக் குறிப்பிடலாம். தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகனான இவர் 1912இற் பிறந்து 1996இல் மறைந்தார். 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். வண்ணப்படம் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளையையே விரும்பிக் கையாண்டார். புலி, யானை மட்டுமன்றி, ஊர்ப்புறத்துக் காகம், அணில், தெருநாய் முதலியனவும் அவரது கவனத்துக்குரியனவாயின. விலங்கு தன் சூழலில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கே அவர் முதன்மை தந்தார். இயல்புநிலைப் படத்துக்கு அறிவார்ந்த அடிப்படை அமைவது இவ்விடத்திலேயாம்.

3. கண்டியின் இரு படங்கள்

2019 ஆகஸ்ட் மாதம் கண்டி எசல பெரஹெராவின்போது வெளிவந்த படங்கள் நமது ஆய்வுக்கு மிக முக்கியமானவை. பெரஹெராவிற் செல்லும் யானை முகம் முதல் கால் வரை பளபளக்கும் ஆடையால் மூடப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் உலகெங்கும் பரவுவது அக்காட்சியே. அவ்வாண்டு, சுமார் 70 வயதுடைய திக்கிரி என்னும் பெண்யானையின் படங்களைத் தாய்லாந்தைச் சேர்ந்த யானைப் பாதுகாப்பு அமைப்பொன்று வெளியிட்டது. ஒரு படத்தில் அவள் ஆடை போர்த்து நின்றாள். மறுபடத்தில் ஆடையில்லை: தோலின்கீழ் விலாவெலும்பும் முதுகெலும்பும் எண்ணத்தக்கவாறு தெரிந்தன.

உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. திக்கிரி ஊர்வலத்திலிருந்து விலக்கப்பட்டாள். விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் விசாரணைக்குப் பணித்தார். அவள் நோயினால் மெலிந்தவள் என்ற விளக்கமும் அளிக்கப்பட்டது. அடுத்த மாதம் அவள் இறந்தாள்.

இவ்விரு படங்களுள் எது உண்மை? இரண்டும் பொய்யல்ல. முதலாவது படம், சமூகம் தனக்குக் காட்ட விரும்பியதைக் காட்டியது. இரண்டாவது, அவ்விருப்பத்துக்கு ஓர் உடல் கொடுத்த விலையைக் காட்டியது. அவ்வுடலைப் பராமரிப்போர் அதனை அன்றாடம் கண்டனர். எனினும் அவர்கள் கண்டது பொதுமக்களின் கேள்வியாக மாறவில்லை. அதனை அவ்வாறு மாற்றியது ஒரு நிழற்படமே. மறைக்கப்பட்டதைப் பொதுச் சான்றாக்கும் ஆற்றலே இவ்வகைப் படத்தின் முதன்மையான சமூகப் பயன் எனலாம்.

ஆயினும் இதன் எல்லையையும் நோக்குதல் வேண்டும். எலும்பு தெரியும் உடல் ஒரு விளைவைக் காட்டும். அதன் காரணம் முதுமையா, நோயா, உணவுக்குறைவா, உழைப்பா என்பதைப் படம் தானாகக் கூறாது. அதற்கு மருத்துவப் பரிசோதனையும் வெளிப்படையான அறிக்கையும் தேவை. மேலும், யானைப்பாகனின் குறைந்த கூலி, யானை உடைமையின் சமூக மதிப்பு, சடங்கின் பெயரால் நிகழும் உல்லாசப் பயண வருவாய் ஆகியன அச்சட்டகத்துக்கு வெளியே நின்றன. சினம் ஒரு யானையின்மீதும் ஓர் உடைமையாளர்மீதும் குவிந்து தணிந்தபோது, அவ்வமைப்பு பெரிதும் மாறாதிருந்தது. படம் வாயிலைத் திறக்கும். உள்ளே செல்ல வேண்டியவர் நாமே.

4. தவறாக வாசிக்கப்படும் முகம்

இயல்புநிலைப் படத்தின் பெரும் இடர், விலங்கின் உடல்மொழியை மனிதனின் முகமொழியாக வாசிப்பதாகும். இலங்கைக்கே உரிய செங்குரங்கு உதடுகளைப் பின்னிழுத்துப் பற்களைக் காட்டும்போது, அது சிரிப்பதாக எண்ணி மகிழ்கிறோம். பெரும்பாலும் அது அச்சத்தின் அல்லது பணிவின் அறிகுறி. ஆதிக்கமுடைய குரங்கோ மனிதனோ நெருங்கும்போது வெளிப்படுவது. ஆண்குரங்கு வாயை அகலத் திறந்து கோரைப்பற்களைக் காட்டும் கொட்டாவி, தூக்கத்தினால் மட்டும் வருவதன்று. பதற்றத்தையும் எச்சரிக்கையையும் உணர்த்துவதுண்டு. 'சிரிக்கும் குரங்கு' என நாம் பெயரிடும் படம், படமெடுத்தவரைக் கண்டு அஞ்சிய குரங்கின் படமாகவே இருக்கக்கூடும்.

இவ்விதி எல்லாக் குரங்கினத்துக்கும் ஒரே தன்மையதன்று என்பதும் கவனிக்கற்பாலது. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள கொண்டைக் கருங்குரங்குகளிடையே பல்லைக் காட்டுதல் நட்புக் குறியாகவும் அமைகின்றது. ஆகவே ஒரே தோற்றம் ஓரினத்தில் அச்சமாகவும் மற்றோரினத்தில் நட்பாகவும் பொருள்படும். படத்தை வாசிப்பதற்கு அவ்வினத்தின் வாழ்க்கையை அறிதல் இன்றியமையாதது.

யானை பற்றிய தவறான வாசிப்புகளும் பல. சங்கிலியிற் கட்டப்பட்ட யானை இடமும் வலமும் ஓயாது அசைவதை நடனம் எனக் கூறிப் படமெடுப்பர். அது அடைபட்ட வாழ்க்கையின் நெருக்கடியில் தோன்றும், நோக்கமற்று மீண்டும் மீண்டும் நிகழும் நடத்தை. கண்ணுக்கும் காதுக்கும் இடையேயுள்ள சுரப்பியிலிருந்து வழிவதைக் கண்ணீர் என்பர். ஆண்யானையில் அது மதநீராகவும் இருக்கலாம். ஒன்றில் துன்பத்தை மகிழ்ச்சியாகவும், மற்றொன்றில் உடலியல் நிகழ்வைத் துயரமாகவும் வாசிக்கிறோம்.

தேவாங்கின் உறவினமான, தென்கிழக்காசியாவில் வாழும் மந்தத் தேவாங்கை ஒருவர் கூச்சங்காட்ட, அது கைகளை உயர்த்தும் காணொளி 2009இல் உலகெங்கும் பரவியது. அதனை இன்பத்தின் அடையாளமாகக் கண்டு பலர் அவ்விலங்கை வளர்க்க விரும்பினர். உண்மையில், கையின் உட்புறத்திலுள்ள நச்சுச் சுரப்பியை வாய்க்கு எட்டவைக்கும் தற்காப்பு நிலையே அது. தவறான வாசிப்பு இங்குக் கருத்துப்பிழையோடு நிற்கவில்லை. சட்டவிரோத விலங்கு வாணிபத்துக்குத் துணைபோயிற்று.

5. தெல்தெனியவும் இடம்பெயர்ந்த விலங்கும்

துரித மகாவலித் திட்டத்தின் கீழ் பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் நீரில் மூழ்கின. மக்களுள் ஒரு பகுதியினர் மேட்டு நிலத்திலும், ஏனையோர் மகியங்கனைப் புறத்துக் குடியேற்றங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய நகரின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. அவற்றைக் காண மக்கள் திரள்கின்றனர்.

மனிதர் இடம்பெயர்ந்த இடங்களெல்லாம் வெற்றிடங்களாக இருக்கவில்லை. கீழ்நாட்டுக் காடுகள் வெட்டப்பட்டபோது அங்கிருந்த யானைகளும் பெயர்ந்தன. அவற்றுக்குப் புகலிடமாக 1983இல் மாதுறு ஓயாவும் 1984இல் வஸ்கமுவவும் தேசிய பூங்காக்களாயின. 1987இல் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த பகுதி சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எனினும் வரைபடத்தின் கோட்டை யானை அறியாது. 2023இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலினால் உயிரிழந்தமை நிலைமையின் கொடுமையை உணர்த்தும்.

குரங்கின் நிலையும் இதனோடு தொடர்புடையது. கண்டிக்கும் மகியங்கனைக்கும் இடைப்பட்ட வீதியோரங்களில் செங்குரங்குகள் பயணிகளின் உணவுக்காகக் காத்திருப்பதைக் காணலாம். பிஸ்கட்டை நீட்டிக் குரங்கை வரவழைத்து, அது பொதியைப் பறிக்கும் கணத்தைப் படமெடுப்போர் பலர். அப்படத்தில் குரங்கு 'கள்வன்' ஆகின்றது. கையை நீட்டியவர் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார். உணவூட்டிப் பழக்கிய குரங்கு மறுநாள் ஏழை விவசாயியின் தேங்காயையும் மரக்கறியையும் நாடுகிறது. படத்தின் நகைப்பு நகரத்தவருக்கு, நட்டம் கிராமத்தவருக்கு. இந்த வர்க்கப் பரிமாணத்தை விலங்குப் படங்கள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருத்திற்கொள்வதில்லை.

இவ்வுருவகம் அரசியற் களத்திலும் தொழிற்படுகின்றது. 2023 ஏப்ரலில் 100,000 செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வெளியிடப்பட்டது. சூழலியலாளர் நீதிமன்றம் சென்றதைத் தொடர்ந்து அது கைவிடப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடளாவிய மின்தடை ஏற்பட்டபோது, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியமையே காரணமென அமைச்சர் கூறினார். உடனே குரங்கு பற்றிய நகைப்படங்கள் பெருகின. ஒரு குரங்கின் தீண்டலால் ஒரு நாடே இருளுமாயின், ஆராயப்படவேண்டியது குரங்கின் குறும்பா, மின்வலையமைப்பின் பலவீனமா? நகைப்பு அக்கேள்வியை மங்கச் செய்தது. அடுத்த மாதம் 15ஆந் திகதி, பயிருக்குச் சேதம் விளைவிக்கும் விலங்குகளை ஐந்து நிமிடத்தில் எண்ணும் நாடளாவிய கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. தன் தோட்டத்து விவசாயி கண்டு எண்ணிய விலங்கு, நகைப்படத்தின் விலங்கினின்றும் வேறானது; அது அவரது உழைப்பின் மறுபாதியை உண்பது. இரு பார்வைகளையும் இணைத்து நோக்காத எந்தத் தீர்வும் நிலைக்காது.

6. மறைந்துறையும் உயிரும் கமராவும்

தெல்தெனியவுக்கு வடக்கே நக்கிள்ஸ் மலைகளில், மூக்கில் இலைபோன்ற உறுப்புடைய ஓணான் ஒன்று வாழ்கின்றது. இமர்சன் டென்னன்டின் பெயரால் அறிவியல் உலகில் வழங்கும் அது இம்மலைத்தொடருக்கு வெளியே இல்லை. அதன் அசைவற்ற நிலையும் விந்தையான முகமும் படமெடுப்போரைக் கவர்கின்றன. கிளையிலிருந்து எடுத்து, ஒளி நன்கு விழும் இடத்தில் வைத்துப் படமெடுத்தால் அப்படம் இயல்புநிலைப் படமன்று. அது கையாளப்பட்ட விலங்கின் படம். அதனினும் பெரிய இடர், எடுத்த இடத்தைப் படத்துடன் வெளியிடுவது. அரிய ஓணான்களுக்கு வெளிநாட்டுச் சந்தையுண்டு. 2019இல் இவ்வினமும் நக்கிள்ஸுக்கே உரிய மற்றோர் ஓணானும் சர்வதேச வாணிபத்தைத் தடைசெய்யும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. மலைத்தொடர் 2010 முதல் உலக மரபுரிமையின் ஒரு பகுதி. ஆயினும் ஒரு கைத்தொலைபேசிப் படத்திலுள்ள இடக்குறிப்பு, கடத்தற்காரனுக்கு வழிகாட்டியாகக்கூடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் தேவாங்கு அழிந்துபோயிருக்கலாம் எனக் கருதப்பட்டிருந்தது. 2010இல் வெளியான படங்களே அது உயிருடன் இருப்பதை உலகுக்கு உறுதிப்படுத்தின. மரக்கிளையில் அமர்ந்து ஒளியை நோக்கி விழிக்கும் அச்சிற்றுயிரின் படத்தில் கம்பீரம் ஏதுமில்லை. ஆனால் இருப்பே சான்றாகும்போது அழகு இரண்டாம் நிலையதாகின்றது.

2020இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நிழற்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன், கிழக்கிலங்கையின் ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் காட்டுயானைகள் உணவு தேடுவதைப் படமாக்கினார். யானைகளைச் சூழ்ந்து பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் பரந்திருந்தன. பெரஹெரா யானைக்கு எதிர்முனையில் நிற்கும் காட்சி அது. இங்கு யானை மட்டும் படத்தின் பொருளன்று; குப்பையும் படத்தின் பொருளே. விலங்கையும் அதனை அந்நிலைக்குத் தள்ளிய சமூகத்தையும் ஒரே சட்டகத்துக்குள் கொணர்ந்தமையே அப்படங்களின் வலிமை.

7. நகைச்சுவையின் நிலை

இவ்வாறு கூறுவதால் நகைச்சுவைக்கு இடமில்லை என நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. 2015இல் பிரித்தானியரான போல் ஜொய்ன்சன்-ஹிக்ஸ், ரொம் சல்லம் ஆகியோர் நகைச்சுவைக் காட்டுயிர்ப் படங்களுக்கெனப் போட்டியொன்றைத் தொடங்கினர். காட்டுயிர்ப் பாதுகாப்பின்பால் மக்களை ஈர்ப்பதே அதன் நோக்கமாகக் கூறப்படுகின்றது. பேரழிவுகளையே காட்டும் படங்கள் பார்ப்போரைச் சோர்வடையச் செய்யும் வேளையில், நகைப்பு ஒருவகை நெருக்கத்தை உண்டாக்குகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. விலங்குடன் சேர்ந்து நகைப்பதற்கும் விலங்கை நகைப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கு முக்கியமானது.

படத்தின் உரிமை பற்றிய வழக்கும் ஈண்டுக் கருதத்தக்கது. சுலாவெசியில் ஒரு கருங்குரங்கு கமராவின் விசையைத் தானே அழுத்தி எடுத்ததாகக் கூறப்பட்ட படம் 2011இல் வெளியாயிற்று. கமராவுக்குரிய டேவிட் ஸ்லேற்றருக்கா, குரங்குக்கா பதிப்புரிமை என்னும் வினா அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது. குரங்கின் பெயரால் அத்தகைய வழக்குத் தொடர முடியாதென 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. சட்டம் உரிமையை மறுத்தது. ஆனால் படத்தால் வரும் பயனில் விலங்குக்கு ஏதும் கடனுண்டா என்னும் அறவினா தீர்க்கப்படாமலே நிற்கின்றது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, அக்கணம் விலங்கினுடையதா, அன்றி உணவாலும் ஒலியாலும் கையாலும் நாம் வருவித்ததா? இரண்டாவது, அவ்வினத்தின் நடத்தையை அறிந்து படத்துக்குப் பெயரிட்டோமா? மூன்றாவது, சட்டகத்துக்கு வெளியே விடப்பட்ட மனிதர் யார், அவரது பங்கு யாது? நான்காவது, படம் வெளியானபின் அதன் விளைவை ஏற்பது யார்? இவற்றுக்கு நேர்மையான விடை தரும் படம் அழகற்றதாயினும் அறிவுக்குரியது. விடை தராத படம் எத்துணை அழகியதாயினும் வேட்டைப் பரிசின் இனத்தைச் சேர்ந்ததே.

கமரா ஒரு சிலரது உடைமையாயிருந்த காலம் கடந்துவிட்டது. தெல்தெனியவின் மாணவரும் விவசாயியும் இன்று கையிற் கருவியுடையவர். தம் தோட்டத்துக்கு வரும் குரங்கு எந்த மாதத்தில், எந்த மரத்தை நாடி, எத்திசையிலிருந்து வருகின்றது என்பதை அவர்கள் தேதியிட்டுப் பதிவுசெய்வராயின், அது கொழும்பில் எழுதப்படும் எந்த அறிக்கையினும் பயனுடைய ஆவணமாகும். பல்கலைக்கழகங்கள் அத்தகைய பதிவுகளைத் திரட்டி, வகைப்படுத்தி, பதிவுசெய்தோரிடமே பயனை மீளச் சேர்க்கும் பணியை மேற்கொள்ளல் வேண்டும். விலங்கின் இயல்பை அறிவதும் அதனோடு வாழும் உழைப்பாளியின் நிலையை அறிவதும் இருவேறு பணிகளல்ல.